ரோலர் கோஸ்டர் ஏறக் காலில் என்ன: ஷூவா, பெல்ட் சாண்டலா, ரப்பர் செருப்பா?

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்தில் வருஷம் ஒரு தடவையாவது சொந்தக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்துக் கொச்சி பள்ளிக்கரையில் இருக்கும் வண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. போகிற வழியில் குதிரானில் சுரங்கப்பாதை வந்த பிறகு மலையேற்றத்தில் லாரிக்குப் பின்னால் நிற்கிற வேலையும் இல்லை. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி எல்லா வீட்டிலும் இந்தக் கேள்விதான் ஓடும். நான் பின்பக்கம் பெல்ட் வைத்த சாண்டல் பக்கம். வீட்டில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இப்போது அதையே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ரப்பர் செருப்பை முதலில் முடித்துவிடலாம். நடக்கச் சுகம், விலை குறைவு, நனைந்தாலும் கவலை இல்லை. ஆனால் கோஸ்டரில் காலோடு நிற்காது. தலைகீழாகச் சுற்றும்போதுதான் செருப்பு விழும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அங்கே விழாது. வளையத்துக்குள் வேகமாகப் போகும்போது உடம்பு இருக்கையோடு அழுந்தியிருக்கும், செருப்பும் காலோடு அழுந்தியிருக்கும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வண்டர்லாக்களில் ரீகாயில் என்ற பெயரில் ஓடுவது பூமராங் வகைக் கோஸ்டர். கிளம்பும்போதே வண்டியைப் பின்பக்கமாகச் செங்குத்தான கோபுரத்தில் இழுத்து ஏற்றும். அப்போது முகம் தரையைப் பார்த்திருக்கும், மொத்த உடம்பும் தோள்பட்டைக் கம்பியில் தொங்கும், வண்டி மெதுவாக ஏறும். பிடிமானம் இல்லாத செருப்பும் சட்டைப் பையில் இருக்கும் போனும் நழுவுவது அந்த நேரத்தில்தான். பிறகு விட்டதும் வண்டி மூன்று தடவை தலைகீழாகி எதிர்க் கோபுரம் ஏறும். அங்கிருந்து அதே பாதையில் பின்னோக்கி மறுபடி மூன்று. ஒருவர் தவறவிட்ட பொருள் இன்னொருவர் மேல் அடித்தால் காயம் சாதாரணமாக இருக்காது.

கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறலாமே என்பார்கள். ஏறலாம், பல இடங்களில் ஊழியர்களே கழற்றச் சொல்வார்கள். வரிசையாகக் கிடக்கும் ஒரே மாதிரி நீலச் செருப்புகளில் நம்முடையதைத் தேடுவதும், ஏப்ரல் மே வெயிலில் சிமெண்ட் தரையில் கால் சுட நடப்பதும்தான் சிரமம்.

இனி ஷூவுக்கும் சாண்டலுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி. கோஸ்டரை மட்டும் கணக்கில் எடுத்தால் ஷூதான் ஒரு படி மேல். லேஸ் இறுக்கிக் கட்டிய ஷூ எந்தக் கோபுரத்திலும் கழலாது. படியில் வழுக்காது, கூட்டத்தில் யாராவது மிதித்தாலும் விரலுக்குக் காவல். மலம்புழா ஃபேன்டசி பார்க் மாதிரி பக்கத்து இடத்துக்குப் போய், தண்ணீர் விளையாட்டைத் தொடாமல் திரும்புவதாக இருந்தால் ஷூவே போட்டுக்கொண்டு போங்கள்.

ஆனால் அப்படிப் போகிறவர்கள் எத்தனை பேர்? நம் பூங்காக்களில் ஒரே டிக்கெட்டில் உலர் ரைடும் தண்ணீர் ரைடும் சேர்ந்தே வருகிறது. பிள்ளைகள் அலைக்குளத்தில் இறங்கிவிட்டு மறுபடி கோஸ்டருக்கு ஓடுவார்கள். போதாக்குறைக்கு ஜூன் பிறந்தால் மழை, ஓணம் லீவிலும் மழை. அதனால் எனக்கு இதை முடிவு செய்வது ஒரே விஷயம்: நனைந்த பிறகு என்ன ஆகிறது என்பது.

ஷூவுக்குள் இருக்கும் பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க விடாது. ஈர சாக்ஸோடு வரிசையில் நின்றால் குதிகால் கொப்புளித்துவிடும். போன ஓணத்துக்கு அண்ணன் மகன் ஷூவோடு வந்து, மத்தியானமே “அத்தை, நடந்தா சளக் சளக்னு கேக்குது, காலெல்லாம் எரியுது” என்று உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் வேனில் அந்த ஷூவைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்தோம். மறுநாள் பிரித்தபோது வந்த வாடைக்கு அதைத் திண்ணையில்கூட வைக்க முடியவில்லை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ஷூ முழுதாகக் காய நாள் கணக்காகும். வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்அட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஈரம் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. கடையில் பியூ சோல் என்பார்களே, பாலியூரிதேன், அது ஈரக்காற்றிலேயே சிறிது சிறிதாக உள்ளே சிதையும் பொருள். நல்ல ஷூ, விசேஷத்துக்கு மட்டும் போடலாம் என்று பரணில் வைத்திருப்போம். சில வருஷம் கழித்து எடுத்துப் போட்டால் கொஞ்ச தூரத்திலேயே சோல் தூள் தூளாக உதிரும். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் மாவாக வரும். போடாமல் வைத்தால் இன்னும் மோசம். எல்லா ஷூவும் இப்படி இல்லை. ரப்பர் சோலுக்கும், ஈவிஏ என்கிற லேசான நுரை சோலுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. சாண்டலிலும் பியூ உண்டு. அதனால் எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் கேட்டு ஈவிஏ சோலாக வாங்குங்கள். எடை இல்லாமல் இருக்கும், தண்ணீரையும் குடிக்காது.

ஈவிஏ சோலும் நைலான் பெல்ட்டும் உள்ள சாண்டலைக் குழாயடியில் அலசி நிழலில் கவிழ்த்தால் சீக்கிரமே காய்ந்துவிடும். மறுநாள் அதையே போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகலாம். கோஸ்டரில் ஏறும்போது குதிகாலுக்குப் பின்னால் பெல்ட்டை இழுத்து ஒட்டினால் போதும். கழற்றச் சொன்னாலும் லேஸ் அவிழ்க்கிற வேலை இல்லை. குறை என்றால் ஒட்டுப் பெல்ட்தான். அதன் கொக்கிப் பக்கத்தில் மணலும் முடியும் துணிநூலும் சிக்கிக்கொண்டால் ஒட்டாது, இழுத்த உடனே பிரிந்து வரும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் மறுபடி பிடிக்கும். பக்கிள் வைத்தது கிடைத்தால் அதுவே மேல். மெல்லிய வார் வைத்த ஃபேன்சி சாண்டலை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

உடுப்பில் இவ்வளவு குழப்பம் வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், தொடையிடுக்கில் உராயும். ஜிப் வைத்த பையுள்ள டிராக் பேண்ட்தான் என் தேர்வு. குளத்தில் இறங்கப் பூங்காக்காரர்கள் நைலான் மாதிரி துணிதான் கேட்பார்கள், பருத்தியில் விடமாட்டார்கள். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். சுடிதார் போடலாம், ஷாலை மட்டும் லாக்கரில் வைத்துவிடுங்கள். கூந்தலைப் பின்னிக் கொண்டை போட்டுவிடுவது நல்லது. 2018இல் ஹரியானாவின் பிஞ்சோரில் கோ-கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டி ஓட்டிய ஒரு பெண்ணின் கூந்தல் சக்கரத்தில் சிக்கி உயிரே போனது. அது கோஸ்டர் இல்லைதான், ஆனால் கோ-கார்ட்டும் இதே மாதிரி பூங்காக்களில்தான் இருக்கிறது. சேலையில் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் ஏறியதில்லை என்பதால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நகையில் தாலிக்கொடியை விட ஜிமிக்கிதான் தொந்தரவு. கொடியை ரவிக்கைக்குள் விட்டு ஊக்கு குத்திவிடலாம். தோள்பட்டைக் கம்பி காதுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வண்டி திரும்பும்போதெல்லாம் காது அதில் இடிக்கும், தோட்டின் திருகாணி கழுத்தில் குத்தும். சின்ன வளையமாக இருந்தாலும் ஏறுவதற்கு முன் கழற்றிவிடுங்கள். தலையைப் பின்பக்க மெத்தையில் அழுத்தி வைத்து, முதுகை நேராக வைத்து உட்கார்ந்தால் இடி குறையும். கண்ணாடி போடுபவர்கள் தலைக்குப் பின்னால் கட்டும் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

காலையில் புட்டும் கடலையும் வயிறு நிறைய வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். அரை வயிற்றுக்குச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் விட்டு ஏறுவது சரியாக இருக்கும். கர்ப்பிணிகள், இதய நோய், ரத்த அழுத்தம், கழுத்து முதுகுத் தொல்லை, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் ஏறவே கூடாது. பிள்ளைகளின் உயரத்தை வாசலில் இருக்கும் அளவுகோலில் பார்ப்பார்கள். ஹீல்ஸோ தடிமனான சோலோ போட்டு அந்தக் கோட்டை எட்ட வைக்காதீர்கள், தோள்பட்டைக் கம்பி அந்த உயரத்தை வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது.