இரண்டு ஸ்ப்ளெண்டர் சிலிண்டரில் ஒரு பம்ப் என்ஜின்: மூன்று வருடம், 900 மணி நேரம்

எங்கள் மேட்டுக்காட்டுக்கு கரண்ட் சர்வீஸ் இல்லை. வாய்க்காலில் இருந்து தண்ணீர் ஏற்ற 2 இன்ச் பம்ப் இருக்கிறது, அதை ஓட்ட ஒரு என்ஜின் வேண்டும். கடையில் ரெடியாகக் கிடைக்கும்தான். லேத் பட்டறையில் இத்தனை வருஷம் அடுத்தவர் என்ஜினுக்கே வேலை பார்த்தவனுக்கு, நம் கையால் ஒன்று கட்டிவிட வேண்டும் என்ற ஆசை விடவில்லை. ஹவர் மீட்டர் இப்போது 900 தாண்டிவிட்டது.

கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் இரண்டு ஸ்ப்ளெண்டர் பைக் என்ஜின் எடுத்தேன். போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 49.5 மி.மீ., ஒவ்வொன்றும் 97.2 சிசி. கியர்பாக்ஸ் பகுதியை அறுத்துக் கழித்துவிட்டு, மிச்சத்தை 12 மி.மீ. பிளேட்டில் ஒன்றின் பின் ஒன்றாகச் செங்குத்தாக நிறுத்தினேன். படுத்திருந்த சிலிண்டர் நிமிர்ந்ததால் ஆயில் தேங்கும் இடம் மாறியது, தனி ஆயில் பான் அடித்து உறிஞ்சு குழாயை நீட்ட வேண்டியிருந்தது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இரண்டையும் சமமான பல் உள்ள ஸ்ப்ராக்கெட்டும் செயினும் போட்டுப் பூட்டினேன். பிஸ்டன் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும், ஆனால் மாறி மாறித்தான் வெடிக்கும். அதனால் சுற்றுக்கு ஒரு வெடிப்பு, சத்தம் சீராக இருக்கும். அதிர்வு மட்டும் அதிகம். கனமான ரப்பர் புஷ் போட்ட பிறகுதான் போல்ட் கழலுவது நின்றது.

இதெல்லாம் இரண்டு மாத வேலை. என்னை ஒரு வருடம் அலைய வைத்தது சூடு.

மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் எரிகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பம் சிலிண்டர், அதன் மேல் மூடியான ஹெட் வழியாக வெளியேறியாக வேண்டும். கணக்குப் போட்டால் 3 கிலோவாட் வரும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றை விடாமல் எரியவிடுவதற்குச் சமம். பைக்கில் போகும்போது எதிர்காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். நின்ற இடத்தில் ஓடும் என்ஜினுக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் முன்னால் பெரிய ஃபேன் ஒன்றை வைத்தேன். காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. இருந்தும் நாற்பதாவது நிமிடத்தில் பின் சிலிண்டரில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் சைலன்சர் பக்கம் நெடுக நகத்தால் கீறியது மாதிரிக் கோடுகள், ரிங் பள்ளத்தில் ஈயம் பூசினாற்போல அலுமினியம் இழுவி அப்பியிருந்தது. பிளக் நுனி சுண்ணாம்பு வெள்ளை, சூடு மீறியதன் அடையாளம். 0.25 மி.மீ. பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு மறுபடி கூட்டினேன். இந்த முறை பிளக் வாஷருக்கு அடியில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வைத்தேன்: முன் சிலிண்டர் 170 டிகிரி, பின் சிலிண்டர் 235. முன்னதைத் தொட்டுச் சூடேறிய காற்றுதான் பின்னதற்குக் கிடைத்திருக்கிறது. அதிலும் பாதி, சூட்டை வெளியேற்ற சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக இருக்கும் ஃபின்களுக்குள் நுழையாமல் ஓரமாகவே ஓடிப்போயிருக்கிறது.

வழி காட்டியது பழைய சேட்டக் ஸ்கூட்டர். பாடிக்குள் மூடிக் கிடக்கும் அந்த என்ஜினுக்கு, கிராங்கோடு சுற்றும் மேக்னெட் மேலேயே ஃபேன் உண்டு, காற்றைத் தகர மூடி சிலிண்டரைச் சுற்றிக் கொண்டுபோகும். அந்த ஃபேனையே வாங்கி, பெல்ட் போட்டுக் கிராங்கை விட ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்றவிட்டேன். வால்வை இயக்கும் டைமிங் செயின் போகும் பக்கம் ஃபின் குறைவு என்பதால் எதிர்ப்பக்கத்தில் இருந்து காற்று. நடுவில் ஒரு தடுப்புத் தகடு, இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் புதுக்காற்று. தகரத்துக்கும் ஃபின் நுனிக்கும் இடைவெளி 4 மி.மீ.க்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். இந்த இடைவெளிதான் உயிர்நாடி. காற்று எங்கே லேசாக வழி கிடைக்கிறதோ அங்கேதான் போகும், ஃபின் நடுவே போவதைத் தவிர வேறு வழி வைக்கக் கூடாது.

அதே லோடில் இப்போது 160, 175. பின் கார்புரேட்டருக்கு பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டியதும் பிளக் இரண்டும் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டன.

தண்ணீர் ஏற்றும் என்ஜினுக்குத் தண்ணீராலேயே குளிர்ச்சி கொடுக்கலாமே என்று பலர் கேட்டார்கள். யோசிக்காமல் இல்லை. தொட்டியில் நிற்கும் தண்ணீர் கொதித்துத்தான் சூட்டைக் கொண்டுபோக வேண்டும் என்றால், 3 கிலோவாட்டுக்கு மணிக்கு 5 லிட்டர் ஆவியாகும். வாய்க்கால் தண்ணீரை நேரே விட்டால் வண்டல் அடைக்கும். இந்த அளவு என்ஜினுக்குத் தகரமும் ஃபேனும் போதும்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. 20டபிள்யூ-50 ஆயில், 50 மணிக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அதைவிட முக்கியம் தகரத்தைக் கழற்றி ஃபின்னைத் துடைப்பது. போன வருடம் ஒரு மாதம் ஓட்டாமல் விட்டு ஸ்டார்ட் செய்தேன், பத்து நிமிடத்தில் பின் சிலிண்டர் 210. உள்ளே பார்த்தால் மூன்று ஃபின் இடுக்கை அடைத்து மண்ணால் குளவி கூடு கட்டியிருந்தது. அன்றிலிருந்து சாவி போடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். செயினுக்கு மேல் கம்பி வலை மூடி போட்டிருக்கிறேன், சைலன்சர் புகை ஷெட்டுக்கு வெளியே போகிறது. கட்ட நினைப்பவர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

இந்த வாரம் பின் ஹெட்டைக் கழற்றி எக்ஸாஸ்ட் வால்வை உரசி உட்கார வைக்க வேண்டும்.