வைஃபை ரிப்பீட்டர்: பெட்டியைத் திட்டுவதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்

ரூட்டரின் வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புகிற, சுவரில் நேராகச் செருகும் சின்ன ரிப்பீட்டர், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையும் உண்டு. மூன்று வாரமாக ஓடுகிறது. வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் ஆராய்ச்சியே ரிலே நெட்வொர்க்கில் (நடுவில் ஒரு கருவி தகவலை வாங்கிக் கடத்துகிற அமைப்பு) என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கடைசி அறையில் சிக்னல் இல்லை, அதனால் அங்கேயே செருகினேன். போனில் கோடுகள் முழுசாக நின்றன, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தக் கோடுகள் காட்டுவது போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் உள்ள சிக்னலை மட்டும்தான். ரூட்டரிலிருந்து ரிப்பீட்டருக்கு என்ன வந்து சேருகிறது என்பது அதில் தெரியாது.

இந்தப் பெட்டி, கேட்டதை அப்படியே சத்தமாக்கி அனுப்புகிற ஒலிபெருக்கி இல்லை. ஒவ்வொரு பேக்கெட்டையும் (தகவலின் சின்னத் துண்டு) முழுதாக வாங்கி, டிகோட் செய்து, பிழை இல்லை என்று பார்த்த பிறகே புதிதாக அனுப்புகிறது. டிகோட் அண்ட் ஃபார்வர்ட் என்போம். (சிக்னலை அப்படியே பெருக்குகிற வகையில் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.) ஆனால் ஒரே சேனலில் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் இதனால் முடியாது. தான் அனுப்புவது 20 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு), கேட்க வேண்டியது மைனஸ் 70 என்றால் வித்தியாசம் 90 டெசிபல், அதாவது நூறு கோடி மடங்கு. சொந்தக் குரலே காதை அடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு பேக்கெட்டும் காற்றில் இரண்டு முறை போகிறது. இரண்டு பக்கமும் 60 மெகாபிட் என்றால் கையில் கிடைப்பது 30. வரும் பக்கம் 10, போகும் பக்கம் 100 என்றால் வெறும் 9. கடைசி அறையில் எனக்கு நடந்தது இந்த இரண்டாவது கணக்குதான்.

மறுநாள் பாதி வழியில், கதவுக்கு நேராக மாற்றினேன். கோடு ஒன்று குறைந்தது, வீடியோ நிற்காமல் ஓடியது. அப்புறம் செட்டிங்கில் போய் ரூட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸ், போனோடு 2.4 என்று பிரித்துவிட்டேன். இரண்டு ரேடியோவும் தனித்தனி என்பதால் அந்தப் பாதி நஷ்டமும் போயிற்று. இவ்வளவு முக்கியமான வசதியை மெனுவில் நாலு பக்கம் உள்ளே தள்ளி வைத்திருப்பது சரியில்லை.

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. அனுப்புபவர், ரிலே, பெறுபவர் என்று மூன்றே முனை கொண்ட இந்த ரிலே சேனலை 1971-இல் வான் டெர் மியூலன் என்ற ஆய்வாளர் முன்வைத்தார், 1979-இல் தாமஸ் கவர், அப்பாஸ் எல் கமால் இருவரும் அதில் பெரிய முடிவுகளைத் தந்தார்கள், ஆனாலும் எல்லா நிலைக்கும் பொருந்தும்படி அதன் கொள்ளளவு, அதாவது பிழையில்லாமல் தகவல் அனுப்பக்கூடிய உச்ச வேகம், எவ்வளவு என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இந்தத் துறைக்கே இழுத்தது.

குறை இன்னொன்றும் உண்டு. நடந்து போகும்போது போன் பழைய சிக்னலையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது, வைஃபையை அணைத்துப் போட்டால்தான் மாறுகிறது. இதில் போனுக்கும் பாதிப் பங்கு உண்டு.

கேபிள் இழுக்க வழி இருக்கிறதா? அப்படியானால் லேன் போர்ட்டில் செருகி ஆக்சஸ் பாயின்ட் மோடில் (கேபிளில் வருவதை வைஃபையாக அனுப்பும் முறை) போடுங்கள், காற்றில் ஒரு தாவல் குறையும்.