ரசத்துக்கு ஒரு தக்காளி, கடைக்கு ஒரு தக்காளி

ஹைபிரிட் தக்காளி, நாட்டுத் தக்காளி இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஹைபிரிட் கல் மாதிரி இருக்கும். தடித்த தோல், காம்பு முதல் அடி வரை ஒரே சிவப்பு. நாட்டுத் தக்காளி தட்டையாக, காம்பைச் சுற்றிப் பச்சை படிந்து, அழுத்தினால் விரல் பதியும். புளிப்பிலும் சாற்றிலும் நாட்டுக்குத்தான் என் ஓட்டு. ஹைபிரிட் போட்டு ரசம் வைத்தால் புளியைக் கொஞ்சம் கூடவே கரைக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஏன் சூப்பர்மார்க்கெட்டில் பெரிய தட்டு ஹைபிரிட்டுக்கு? ஒரு பேச்சுக்கு, கிலோ 20 ரூபாய்க்கு வாங்கி 28-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். பத்து கிலோவும் விற்றால் 80 ரூபாய் மிச்சம். அதில் இரண்டு கிலோ அழுகினால் கைக்கு வருவது 224, மிச்சம் வெறும் 24. வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம் அதற்குள்தான். தோட்டம், கொள்முதல் மையம், கிடங்கு, கடை என்று பழம் அலைய வேண்டியிருப்பதால் செங்காயிலேயே பறித்துவிடுகிறார்கள். மெல்லிய தோலுக்கு இந்த அலைச்சல் ஆகாது. இந்தக் கணக்கில் அழுகலுக்கு இடம் உண்டு, ருசிக்கு இல்லை.

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் கணக்கே வேறு. விடியலில் விவசாயியே கொண்டுவந்து காலையிலேயே விற்றுவிட்டுக் கிளம்புவதால், நாளைக்குத் தாங்குமா என்ற கவலை அவருக்கு இல்லை. பழுத்த பழமாகவே கிடைக்கும். தள்ளுவண்டிக்காரரும் அன்றன்றைக்குத்தான், இருட்டும் நேரத்தில் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார். (கூறின் அடியில் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.) ஆனால் இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவருக்கு உழவர் சந்தை எங்கே திறந்திருக்கிறது? அவருக்குக் கிடைப்பது ஹைபிரிட்தான். குருமாவுக்கும் தொக்குக்கும் அது ஒன்றும் மோசமில்லை, ஒரு வாரம் கெடாமலும் இருக்கும்.

சரி, பழி முழுவதும் கடைக்காரர் மேல்தானா? நம் கண்ணுக்கும் பங்கு உண்டு. பழம் சீராகச் சிவக்க வேண்டும் என்று பல காலமாகப் பொறுக்கி எடுத்ததில், பழத்தில் பச்சையத்தைக் கூட்டும் மரபணு ஒன்று செயலிழந்து, அதனால் சர்க்கரையும் குறைந்தது என்று 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 தக்காளி ரகத்துக்குக் காம்பைச் சுற்றிய இந்தப் பச்சை இன்னும் உண்டு. எங்கள் தெருக் கடையில் போன வாரம் ஒரு அம்மா அப்படிப்பட்ட தக்காளியைத் திருப்பிப் பார்த்து, “இது காயா இருக்கேப்பா” என்று பழையபடி தட்டிலேயே போட்டார். பக்கத்துத் தட்டிலிருந்து ஹைபிரிட் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனார்.