சாறா, பையா, மூன்று பானையா? 20 லிட்டர் பேல் ஏலுக்கு மூன்று வழிகள்

வீட்டில் பியர் காய்ச்சுபவர்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு. மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாறு வாங்கிக் கரைப்பதா, துணிப்பையில் பார்லி மால்ட்டை ஊறவைத்துத் தூக்குவதா, மூன்று பாத்திரங்களை அடுக்கி முறைப்படி வடிப்பதா என்பதுதான் அது. மூன்றாவது வழிதான் 'அசல்' என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நன்றாகச் செய்த மூன்றையும் ஒரே வகைக் கோப்பையில் ஊற்றி வைத்தால் எது எந்த வழியில் வந்தது என்று சொல்வது எளிதல்ல. வேறுபாடு நாக்கில் இருப்பதைவிட, சனிக்கிழமை எங்கே போகிறது, தவறு எந்த இடத்தில் நுழைகிறது என்பதில்தான் அதிகம்.

ஒப்பிட ஒரே பியரை, பேல் ஏல் எனும் வெளிர்நிற வகையை, எடுத்துக்கொள்வோம். ஃபெர்மென்டருக்குள் (நொதிக்கவிடும் பாத்திரம்) 20 லிட்டர், தொடக்க கிராவிட்டி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, கரைந்த சர்க்கரையைக் காட்டும்) 1.048, முடிவில் 1.011 அளவில் நிற்கும், ஆல்கஹால் 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. ஹாப்ஸ், அதாவது கசப்பும் மணமும் தரும் பூ, மூன்றுக்கும் ஒன்றே: 60 நிமிடக் கொதிக்கு, கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 12 விழுக்காடு உள்ள மேக்னம் 15 கிராம், கடைசி 10 நிமிடத்தில் கேஸ்கேட் 30 கிராம், அடுப்பை அணைத்ததும் இன்னொரு 30 கிராம். ஈஸ்ட் 11.5 கிராம் உலர் பாக்கெட் ஒன்று.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர் உரிமமில்லாமல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது ஏறத்தாழ 757 லிட்டர் வரை வரி இல்லாமல் அனுமதிக்கிறது. பிரிட்டனில் வீட்டுக் காய்ச்சலுக்கான உரிமம் 1963-ல் நீங்கியது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் காய்ச்சுவது குற்றம். பையில் ஊறினாலும் பானையில் ஊறினாலும் போலீஸுக்கு அது 'ஊறல்'தான். ஆகவே கீழே உள்ளது அனுமதி உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு.

மால்ட் சாறு

வேறொருவர் மேஷ் செய்து (நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்கி), வடித்து, நீரை வற்றவைத்து விற்பது இது. தூளாக இருந்தால் 2.5 கிலோ வேண்டும். பாகாக இருந்தால் 3.1 கிலோ, பாகில் ஐந்தில் ஒரு பங்கு நீர்தான். கூடவே நிறமும் இனிப்பும் கூட்டும் கிரிஸ்டல் மால்ட் 300 கிராமை நொறுக்கி, சிறு துணியில் கட்டி, 68 டிகிரி நீரில் 30 நிமிடம் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். சாறு மட்டும் போட்டால் சுவை தட்டையாக இருக்கும்.

இந்த வழியின் உண்மையான பலம் நேரமல்ல, குளிர்விப்பு. பலர் இதைக் கவனிப்பதில்லை. 20 லிட்டரையும் கொதிக்கவைக்கத் தேவையில்லை. 10 லிட்டர் நீரில் பாதிச் சாற்றை, 1.25 கிலோவை, கரைத்துக் கொதிக்கவைத்தால் அந்த நீரின் கிராவிட்டி 1.046 சுற்றி நிற்கும். ஹாப்ஸின் கசப்பு வழக்கம்போல இறங்கும். மொத்தச் சாற்றையும் முதலிலேயே அந்த 10 லிட்டரில் கொட்டினால் இரண்டு கெடுதல்: அடர்த்தி ஏறிக் கசப்பு குறையும், நிறம் கறுக்கும். மீதி 1.25 கிலோ கடைசி 10 நிமிடத்தில் போகட்டும். பிறகு பாத்திரத்தைத் தொட்டியில் ஐஸ் நீரில் வைத்து 40 டிகிரிக்கு இறக்கி, முன்னாளே கொதிக்கவைத்து ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்த 10 லிட்டர் நீரைச் சேர்த்தால் நேராக 22 டிகிரி. குழாய் நீரே 28 டிகிரிக்கு மேல் வரும் ஊரில் இதைவிட எளிய குளிர்விப்பு இல்லை.

கெடுவது எங்கே? அடுப்பு எரியும்போதே பாகை ஊற்றினால் அது அடியில் போய்ப் படிந்து கருகும். அணைத்துவிட்டு ஊற்றி, கரண்டியில் அடி தட்டுப்படாத வரை கலக்கி, பிறகு பற்றவைக்க வேண்டும். தூளைக் கொதிநீரின் ஆவிக்கு மேல் பிடித்தால் பை வாயிலேயே கல்லாகிவிடும். பழைய பாகு நிறம் ஏறி, மை வாசம் போன்ற ஒரு பின்சுவை தரும். 'சாற்றுப் பியர்' என்று கேலி செய்பவர்கள் குறைசொல்வது பெரும்பாலும் இந்தப் பழைய பாகைத்தான், முறையை அல்ல. சாற்றை ஆக்கியவரின் நீரிலிருந்த உப்புகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதனால் ஆர்ஓ நீரே போதும். ஜிப்சம் சேர்ப்பது பெரும்பாலும் தேவையில்லாத வேலை.

உண்மையான குறை ஒன்றுதான். பியர் எவ்வளவு வறண்டு முடியும் என்பது சாறு ஆக்கியவர் கையில் இருக்கிறது. 1.008-க்கு இறங்க வேண்டிய பியர் 1.014-ல் நின்றால் உங்களால் செய்யக்கூடியது அதிகமில்லை.

துணிப்பை

2000-களின் நடுவில் ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சல்காரர்களிடம் உருவான வழி இது. ஒரே கெட்டில், அதற்குள் வாய் விரித்த ஒரு பை. மொத்த நீரும் முதலிலேயே இறங்கிவிடும், பிறகு கழுவி வடிப்பது கிடையாது. பைக்கு ஜன்னல் திரைக்குப் போடும் மெல்லிய பாலியெஸ்டர் வாயில் (voile) துணி சரியாக இருக்கும். பருத்தித் துணி வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

கணக்கு இப்படி. பேல் மால்ட் 4.2 கிலோ, கிரிஸ்டல் 300 கிராம், ஆக 4.5 கிலோ. ஃபெர்மென்டருக்கு 20 லிட்டர், அடிக்கசடோடு போவது 2, ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவது 4, பிழிந்த பிறகும் தானியம் பிடித்துவைப்பது கிலோவுக்கு 0.6 வீதம் 2.7. மொத்தம் 28.7 லிட்டர். தானியம் விழுந்ததும் மட்டம் 32-ஐ ஒட்டி ஏறும். 40 லிட்டர் கெட்டில் வேண்டும் என்பது அதனால்தான். 30 லிட்டர் பாத்திரத்தில் முயல்பவர்கள் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

தானியம் 28 டிகிரியில் இருந்தால் நீரை 68.5 வரை சூடாக்கிப் போட வேண்டும், கலந்ததும் 66-ல் நிற்கும். 60-65 டிகிரியில் பீட்டா அமிலேஸ் என்ற மால்ட் நொதி, ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையை வெட்டிக் கொடுக்கும். 68-72-ல் ஆல்ஃபா அமிலேஸ் ஓங்கி, தின்ன முடியாத நீளச் சங்கிலிகள் மிஞ்சும். 66 நடுவழி. கெட்டிலைப் போர்வையால் சுற்றி மூடினால் ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரிதான் இறங்கும். இறங்கிவிட்டதே என்று பைக்குக் கீழே அடுப்பைப் பற்றவைப்பதுதான் இந்த வழியின் முதல் பெரும் தவறு: துணி அடியில் ஒட்டிப் பொசுங்கும். சூடேற்றியே ஆக வேண்டுமானால் அடியில் ஒரு கம்பித் தட்டு, மெல்லிய தணல், விடாமல் கிளறல்.

இரண்டாவது தவறு நொறுக்கல். கடையில் பொதுவாக அரைத்துத் தரும் உருளை இடைவெளி 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். அது வடிதட்டு வைத்து வடிப்பவர்களுக்கானது. பையே வடிகட்டியாக இருக்கும்போது உமியைக் காக்கத் தேவையில்லை. 0.7 மில்லிமீட்டருக்கு இறக்கலாம், அல்லது கடையில் இரண்டு முறை ஓட்டித் தரச் சொல்லலாம். கிராவிட்டி 1.048-க்குப் பதில் 1.038-ல் நிற்கிறது என்ற புலம்பலில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அடுத்தது மாவுருண்டை: தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே நனையாத உருண்டைகள் இருக்கும், கொட்டக் கொட்டக் கிளற வேண்டும்.

மூன்றாவது, அமிலத்தன்மை. நீர் அதிகம், தானியம் குறைவு என்பதால் காரத்தன்மையுள்ள குழாய் நீரில் மேஷின் பிஹெச் 5.7-க்கு மேல் போய்விடும். இலக்கு 5.3-5.4. சில மில்லி லாக்டிக் அமிலம் அதைச் சரிசெய்யும், ஆனால் அளந்து பார்த்துச் சேர்க்கவும். சிங்கப்பூர் நீர் மென்மையானதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமைன் உண்டு. கொதிக்கவைத்தால் எளிதில் போகாது. 75 லிட்டருக்கு ஒரு கேம்ப்டன் (சல்ஃபைட்) மாத்திரை கணக்கில், 30 லிட்டருக்கு அரைக்குச் சற்றுக் குறைவாகப் பொடித்துப் போட்டால் சில நிமிடங்களில் நீங்கிவிடும். விட்டுவிட்டால் முடிவில் ஆஸ்பத்திரித் தரை வாசம் வரும், அதற்கு மருந்து இல்லை.

60 நிமிடம் ஆனதும் பையைத் தூக்க வேண்டும். எடை பத்துக் கிலோவைத் தாண்டும், சூடு 66 டிகிரி. மேலே ஒரு கொக்கியும் கப்பியும் இருந்தால் முதுகு பிழைக்கும். பிழியலாமா? பிழியலாம். பிழிந்தால் துவர்ப்பு இறங்கும் என்பது நெடுநாள் பயமுறுத்தல். துவர்ப்பு வருவது பிஹெச் 6-ஐத் தாண்டும்போதும், சூடு அதிகமாகும்போதும். கை அழுத்தத்தால் அல்ல. வடியும் வோர்ட் (இன்னும் நொதிக்காத இனிப்பு நீர்) கலங்கலாக இருக்கும், கவலை வேண்டாம். நொதித்துக் குளிர்ந்ததும் அடியில் தங்கிவிடும்.

மின்சாரக் கெட்டில்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிரெய்ன்ஃபாதர், ப்ரூஜில்லா போன்றவை துணிக்குப் பதில் எஃகுக் கூடை வைத்த பைகள்தான். 230 வோல்ட் ஊரில் 2,400 வாட் சூடாக்கி 28 லிட்டரை 28-லிருந்து 69 டிகிரிக்கு ஏற்ற 35-40 நிமிடம் எடுக்கும். அமெரிக்க வீட்டின் சாதாரணப் பிளக்கில் 1,500 வாட்தான் கிடைக்கும். அதே வேலைக்கு ஒரு மணி நேரம், கொதியும் சோம்பலாக இருக்கும். அங்கே கேஸ் அடுப்பே மேல்.

மூன்று பாத்திரம்

வெந்நீருக்கு ஒன்று, வடிதட்டு வைத்த மேஷ் பெட்டி ஒன்று, கொதிக்க ஒன்று. கிலோவுக்கு 3 லிட்டர் நீர் என்பதால் 13.5 லிட்டரை 71-72 டிகிரியில் ஊற்ற வேண்டும். பெட்டியை முன்கூட்டிச் சூடேற்றாவிட்டால் அதுவே சில டிகிரியைக் குடித்துவிடும். ஊறியதும் முதலில் வரும் மூன்று நான்கு லிட்டரைத் திரும்ப மேலேயே ஊற்றி, தெளிந்து வரும்வரை சுழற்றி, பிறகு 76 டிகிரி நீர் 17 லிட்டரை மெல்ல மேலே விட்டபடி கீழே வடிக்க வேண்டும். அவசரப்பட்டுக் குழாயை முழுதும் திறந்தால் தானியப் படுகை இறுகி அடைத்துக்கொள்ளும். கோதுமை, ரை தானியம் அதிகம் உள்ள பியரில் இது அநேகமாக உறுதி. அரைக் கிலோ நெல் உமியை நன்றாக அலசிச் சேர்ப்பதுதான் பரிகாரம். வடியும் நீரின் கிராவிட்டி 1.010-க்குக் கீழே போனால் நிறுத்தவும், அதற்குமேல் வருவது துவர்ப்புதான்.

இத்தனைக்கும் கிடைப்பது என்ன? பை 70 விழுக்காடு சர்க்கரையை எடுத்தால் இது 77 எடுக்கும். 4.5 கிலோவுக்குப் பதில் 4.1 கிலோ மால்ட் போதும். 400 கிராம் மால்ட்டை மிச்சப்படுத்த இரண்டு மணி நேரமும், கழுவ இரண்டு பாத்திரங்களும். சாற்று வழிக்கு மூன்றரை மணி நேரம், பைக்கு நாலரை முதல் ஐந்து, இதற்கு ஆறரை அல்லது ஏழு.

மூன்று பாத்திரம் வெல்லும் இடங்கள் இல்லாமல் இல்லை. 40 லிட்டருக்கு மேல் காய்ச்சும்போது பையைத் தூக்க ஆள் போதாது. ஒரே மேஷிலிருந்து முதல் வடிப்பில் கனத்த பியரும் இரண்டாம் வடிப்பில் இலேசான பியரும் எடுக்கவும் இதுவே இயல்பான அமைப்பு. ஆனால் மாதம் 30 லிட்டர் வரம்புள்ள ஊரில் 40 லிட்டர் அமைப்பை வாங்குவது, இரு சக்கர வாகனம் நிறுத்தும் இடத்தில் லாரி வாங்குவது போல.

கனத்த பியருக்குப் பை தோற்கும் என்பது பாதி உண்மை. 1.075 வேண்டுமானால் சர்க்கரை எடுக்கும் திறன் 60 விழுக்காட்டுக்கு இறங்கும், 8 கிலோ தானியம் தேவைப்படும், மட்டம் 36 லிட்டரில் நிற்கும். அங்கே சாறும் பையும் கைகோக்கலாம்: கொதியின் கடைசியில் அரைக் கிலோ தூள் சேர்த்தால் 20 லிட்டருக்குக் கிராவிட்டி 9 புள்ளி (0.009) ஏறும். பையில் இலக்கு தவறும் நாளுக்காக ஒரு கிலோ தூளை எப்போதும் அலமாரியில் வைத்திருப்பது நல்லது.

காய்ச்சிய பிறகு

பைக்கும் மூன்று பாத்திரத்துக்கும் பொதுவான தலைவலி 22 லிட்டர் கொதிநீரை ஆற்றுவது. செம்புச் சுருளில் 28 டிகிரிக் குழாய் நீரை விட்டால் 35 வரை வேகமாக இறங்கி அங்கேயே நின்றுவிடும். மீதியைக் குளிர்பெட்டி இரவில் பார்த்துக்கொள்ளட்டும். ஈஸ்ட்டை ஞாயிறு காலை போடலாம். ஆஸ்திரேலியர்களின் இன்னொரு வழி, கொதிக்கும் வோர்ட்டைத் தடித்த எச்டிபிஇ பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, காற்றைப் பிதுக்கி மூடி, படுக்கவைத்து மூடியையும் அந்தச் சூட்டில் சுத்தமாக்குவது. சூடு மெல்ல இறங்குவதால் ஹாப்ஸ் கசப்பை விட்டுக்கொண்டே இருக்கும். 10 நிமிடச் சேர்க்கையை அணைத்த பிறகு போடவும், கடைசி 30 கிராமை நொதித்தல் முடிவில் ஃபெர்மென்டரிலேயே போடவும். அந்தக் கேனை வாரக்கணக்கில் வைக்காதீர்கள். பாட்டுலிஸம் என்ற கொடிய உணவு நஞ்சைத் தரும் கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை, வோர்ட்டின் அமிலம் அவற்றைத் தடுக்கவும் போதாது. மறுநாளே ஈஸ்ட் போக வேண்டும்.

மூன்றாவது பாத்திரத்துக்கு எடுத்துவைத்த காசைப் பழைய குளிர்பெட்டி ஒன்றுக்கும், வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஒன்றுக்கும் கொடுங்கள். 30 டிகிரி அறையில் யூஎஸ்-05 போன்ற ஈஸ்ட் தானே சூட்டைக் கிளப்பி உள்ளே 33-ஐத் தாண்டும். பெயின்ட் தின்னர் நெடியும் மறுநாள் தலைவலியும் அங்கிருந்துதான் வருகின்றன. குளிர்பெட்டிக்கு இடமில்லை என்றால் 35-40 டிகிரியிலும் நாகரிகமாக நடந்துகொள்ளும் நார்வேயின் வாஸ் க்வைக் ஈஸ்ட் இருக்கிறது, ஆரஞ்சு வாசம் பிடித்தவர்களுக்கு. பெட்டி இருந்தால் முதல் நான்கு நாள் 19, பிறகு 21. சென்சாரைப் பெட்டியின் காற்றில் தொங்கவிடாமல், ஃபெர்மென்டரின் பக்கவாட்டில், வோர்ட் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே ஒரு துண்டு பஞ்சுத் தாளை வைத்து டேப் போடவும். தொங்கவிட்டால் திரையில் 19 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே 22, 23 ஓடிக்கொண்டிருக்கும்.