படம் பார்க்கவே பிடிக்கவில்லையா? டிவி, ஓடிடி, கேபிளோடு ஒரு வருஷக் கணக்கு

முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு இது: "முன்ன மாதிரி ஒரு படம் உட்கார்ந்து பார்க்க முடியலைப்பா." வயசாகிவிட்டது, ரசனை மாறிவிட்டது என்று காரணமும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அதே ஆள் ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு மொபைலில் பழைய காமெடித் துண்டுகளை முக்கால் மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். அதனால் டிவியை விற்கவோ சந்தாவை எல்லாம் ஒரே நாளில் வெட்டவோ போவதற்கு முன், அலுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. பெட்டி கெடுத்த அலுப்பு உண்டு, கதை கெடுத்த அலுப்பு உண்டு, நிஜமாகவே தீர்ந்துபோன ஆசையும் உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கண்டுபிடிக்க ஒரு டெய்லி காலண்டர் போதும். நான்கு வாரம், அன்றன்றைய தாளில் ஓர் எழுத்து எழுதுங்கள். முழுசாகப் பார்த்திருந்தால் 'மு', பாதியில் விட்டிருந்தால் 'பா', யாரும் பார்க்காமல் சும்மா ஓடியிருந்தால் 'ஓ'. 'பா' என்றால் எத்தனையாவது நிமிஷத்தில் எழுந்தீர்கள் என்பதையும் உத்தேசமாகக் குறியுங்கள். கணக்கின் உயிர் அந்த எண்ணில்தான் இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பழைய கணக்கும் கிடைக்கும். பிரவுசரில் கணக்குக்குள் போய், உங்கள் ப்ரொஃபைலில் 'வியூயிங் ஆக்டிவிட்டி'யைத் திறந்தால் இதுவரை ஓடிய எல்லாம் தேதியோடு வரும். அடியில் மொத்தமாக டவுன்லோட் செய்யவும் வழி இருக்கிறது. பெயரும் தேதியும்தான் அதில் இருக்கும், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று இருக்காது. ஒரே தேதியில் ஒரே தொடரின் நான்கு எபிசோட் வரிசையாக இருந்து, உங்களுக்கு இரண்டாவதுக்கு மேல் ஞாபகமே இல்லையென்றால், மிச்சம் இரண்டும் நீங்கள் தூங்கும்போது ஓடியவை. வீடே ஒரே ப்ரொஃபைலில் பார்க்கிற குடும்பத்தில் இந்தப் பட்டியலால் பயனில்லை, பாதிக்கு மேல் குழந்தைகளின் கார்ட்டூனாக இருக்கும்.

'ஓ' நிறைய வந்தால், உங்கள் வீட்டில் டிவி ரேடியோ வேலை பார்க்கிறது என்று அர்த்தம். 'பா' எல்லாம் முதல் இருபது நிமிஷத்துக்குள் விழுந்தால் முதலில் டிவியின் காட்சியையும் ஒலியையும் சந்தேகப்படுங்கள். இடைவேளையை ஒட்டி விழுந்தால் கோளாறு கதையில். எழுத்தே இல்லாத வெறும் தாள்கள் நிறைய இருந்தால் ஆசை போய்விட்டது, அதைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.

இதில் அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது பெட்டி கெடுக்கும் அலுப்பு. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்படுகிறது. வீட்டு டிவி பெரும்பாலும் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். இடைவெளியை நிரப்ப டிவியே நடுவில் இல்லாத ஃப்ரேம்களை உண்டாக்கிச் செருகுகிறது. விளைவு, கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படமும் சீரியல் மாதிரி வழவழவென்று தெரியும். நடிகர்கள் நடிப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும், கதைக்குள் போகவே முடியாது. சாம்சங்கில் இதன் பெயர் 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே போதும், 2019-இல் அறிவிக்கப்பட்ட அந்த மோடின் முதல் வேலையே இதை அணைப்பதுதான். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்திருக்கும் 'விவிட்', 'டைனமிக்' மோடுகளையும் மாற்றிவிடுங்கள். இருட்டிய அறையில் அந்த வெளிச்சத்தோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கண் எரியும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

"மாற்றினேன், மறுபடி பழையபடியே வந்துவிட்டது" என்று சொல்வார்கள். பல டிவிகளில் இந்த அமைப்பு ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாகப் பதிவாகும். செட்டாப் பாக்ஸ் ஓடும்போது மாற்றியது டிவிக்குள்ளேயே இருக்கும் ஓடிடி ஆப்புக்குச் செல்லாது. இரண்டிலும் தனித்தனியே மாற்ற வேண்டும்.

அடுத்தது ஒலி. வசனம் கேட்கவில்லை என்று கூட்டுவது, சண்டை வந்ததும் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று குறைப்பது. ரிமோட்டைக் கீழே வைக்க முடியாத படத்தில் யாருக்கு மனம் ஒட்டும்? ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும் வைத்துக் கேட்பதற்கான 5.1 கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வைக்கப்பட்டிருக்கும். மெல்லிய டிவியில் இருப்பதோ தரையைப் பார்த்த இரண்டு சின்ன ஸ்பீக்கர். ஆறு தடத்தையும் அதற்குள் திணிக்கும்போது பின்னணி இசையில் வசனம் மூழ்கிவிடுகிறது. ஆப்பில் ஆடியோவைத் திறந்து, 5.1 என்று எழுதியிருப்பதை விட்டு அதே மொழியின் சாதாரணத் தடம் இருந்தால் அதை எடுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும் வசதி இருந்தால் போடுங்கள். சவுண்ட்பார் வாங்குவதானால் நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 வகை. பேஸ் அதிரும் 2.1-ஐ வாங்கினால் இந்தக் குறை தீராது, இன்னும் கூடும். எல்லாம் செய்தும் மற்றவர்களுக்குச் சரியாகக் கேட்பது உங்களுக்கு மட்டும் முணுமுணுப்பாக இருந்தால், அது டிவியின் குற்றமில்லை. வயதோடு வரும் கேட்புக் குறைவு மேல் அலைவரிசையில்தான் தொடங்கும்; 'ச', 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகள் முதலில் மங்கும். காது டாக்டரிடம் போய் ஆடியோகிராம் என்னும் கேட்புச் சோதனையை எடுத்துவிடுங்கள்.

இனி கதை. பதினைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வரை வாரம் இரண்டு படம் பார்த்தவர் 2,080 படம் பார்த்திருக்கிறார். அவருக்கு ஹீரோவின் காலில் கேமரா தொடங்கும்போதே அறிமுகப் பாட்டு காதில் கேட்டுவிடும். தங்கை பாசமாகச் சிரித்தால் இடைவேளைக்குள் அவளுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று தெரிந்துவிடும். இடைவேளை முடிந்ததும் ஃபிளாஷ்பேக். கணக்கு வாத்தியாருக்கு ஒன்றாம் வாய்ப்பாடு போரடிப்பதைப்போல இதுவும் இயற்கை, இதில் அவர் ரசனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேறு மொழிப் படங்களுக்குத் தாவினால் அந்த அச்சும் பிடிபடும் வரைக்கும் நன்றாக இருக்கும். பல தமிழ்ப் படங்கள் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால் தியேட்டருக்குப் போகும் அவசரமும் போய்விட்டது. காத்திருந்து அது வீட்டுக்கு வரும்போது அந்தப் படத்தைப் பற்றிய பேச்சே ஊரில் ஓய்ந்திருக்கும். பாதி ஆசை அந்தப் பேச்சிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

சீரியல் அலுப்பது இன்னும் எளிய விஷயம். கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிஷம் விளம்பரம் போடலாம். அரை மணி சீரியலுக்கு மிஞ்சுவது 24 நிமிஷம். டைட்டில் பாட்டு, நேற்றைய கதை, நாளைய ப்ரொமோ, ஒரு வார்த்தைக்கு ஆறு பேர் முகத்தை மூன்று மூன்று முறை காட்டுவது எல்லாம் அதற்குள். 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடிய கோலங்கள் 1,533 எபிசோட். அவ்வளவு தூரம் இழுக்கும் கதை, அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே காதால் கேட்பவருக்கும், இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியவருக்கும் புரிந்தாக வேண்டும். அதனால் ஒரே சேதியை மூன்று நாள் சொல்வார்கள். சோபாவில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்ப்பவருக்காக அது எழுதப்படவே இல்லை. விட மனமில்லாவிட்டால் திங்களும் சனியும் மட்டும் பாருங்கள், கதையில் ஒன்றும் தவறாது. 'மகா சங்கமம்' என்று இரண்டு சீரியலைக் கோத்து ஒரு மணி நேரமாக்கும் வாரத்தைத் தாராளமாகத் தாண்டிப்போகலாம். ஆனால் அம்மாவோ மாமியாரோ பார்க்கும் எட்டு மணி சீரியலில் கைவைக்காதீர்கள். அலுத்தது உங்களுக்கு, அவர்களுக்கில்லை.

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் ஆசை போன பிறகும் நிற்காமல் ஓடுவது இதுதான். ஓடிடிச் சந்தா, தானாகவே பணம் பிடிக்கும் ஆட்டோபேயில் போகிறது. 15,000 ரூபாய் வரைக்குமான மாதாந்தரப் பிடித்தத்துக்கு ஓடிபி கேட்க வேண்டியதில்லை என்று 2022-இல் ரிசர்வ் வங்கி வரம்பை உயர்த்தியது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரும், ஆனால் அது நூறு விளம்பர மெசேஜுக்கு நடுவே கிடக்கும். ஆப்பை மொபைலிலிருந்து அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பது பெரிய தப்பு. யுபிஐயில் கட்டினால் அந்த ஆப்பின் ஆட்டோபே பகுதியில் போய் ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் அங்கேயேதான் நிறுத்த வேண்டும். கார்டு என்றால் வங்கியின் இ-மேண்டேட் (தானாகப் பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதி) பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மொபைல் ரீசார்ஜோடு இலவசமாக வரும் ஓடிடிக்குத் தனியாகவும் பணம் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் விலையைக் குறைத்தபோது வைத்த கட்டணம் மொபைலுக்கு 149, பேசிக் 199, ஸ்டாண்டர்ட் 499, பிரீமியம் 649. அந்த விலையில் மாதம் இரண்டே படம் பார்க்கும் வீடு பிரீமியம் கட்டினால் ஒரு படத்துக்கு 325 ரூபாய் விழுகிறது. வருஷத்துக்கு 7,788. அதையே ஸ்டாண்டர்டில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மாதம் மட்டும் எடுத்தால் வருஷத்தில் மூன்று மாதத்துக்கு 1,497. பணம் கட்டிய அன்றே ரத்து செய்துவிடுங்கள், மாதம் முடியும் வரை ஓடும். பார்க்க வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னதெல்லாம் அதற்குள் சேர்ந்திருக்கும், பாதி உங்களுக்கே மறந்தும் போயிருக்கும், மறந்தவற்றை விட்டுவிடலாம். பிரைம் வீடியோவில் 2025 ஜூன் முதல் விளம்பரம் வருகிறது, அது வேண்டாமென்றால் கூடுதலாகக் கட்ட வேண்டும். வருஷச் சந்தா மலிவாகத் தெரியும். ஆனால் அலுத்துப்போனவருக்கு அது ஆகாது. 'காசு கட்டியாச்சே' என்று பார்க்கிற படம்தான் இருக்கிற கொஞ்ச ஆசையையும் கொல்லும்.

கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறையில் அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், அதாவது 153 ரூபாய் 40 பைசாவாக இருந்தது. கட்டணச் சேனல்கள் அதற்கு மேல். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டதால் உங்கள் ரசீதில் இப்போது என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்கள் பார்ப்பது இரண்டு சேனல் என்றால் தொகுப்பை விட்டுத் தனிச் சேனலாக எடுத்தால் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள், சில சமயம் தொகுப்பே மலிவாக வரும். கேபிளை நிறுத்துவதானால் கேபிள்காரரிடம் வாயால் சொல்லி நிறுத்துங்கள். சொல்லாமல் விட்டால் அவர் நோட்டில் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

குறைத்த பிறகு என்ன ஆகிறது? முதல் வாரம் கை தானாக ரிமோட்டைத் தேடும். அது கிடைக்காவிட்டால் மொபைலுக்குப் போகும். டிவியைக் குறைத்தவர்களில் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான், இரண்டு மணி நேரப் படம் போய் இரண்டு மணி நேர ரீல்ஸ் வந்து உட்காரும். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து நிறுத்தியும் வைத்தால் முகப்புப் பக்கம் காலியாகிவிடும், தேடினால்தான் ஏதாவது வரும். நெட்ஃப்ளிக்ஸில் ப்ரொஃபைலின் பிளேபேக் அமைப்பில் இரண்டு டிக் இருக்கும், அடுத்த எபிசோட் தானாக ஓடுவதற்கு ஒன்று, ட்ரெய்லர் தானாக ஓடுவதற்கு ஒன்று. இரண்டையும் எடுத்துவிடுங்கள். மாதம் முடியும்போது ஆபீஸில் மற்றவர்கள் பேசும் பிக்பாஸ் சண்டை புரியாமல் சும்மா சிரிக்க வேண்டிவரும். அது கொஞ்ச நாளில் பழகிவிடும். தனியாக இருப்பவர்களுக்கு மட்டும் வீட்டின் நிசப்தம் கனமாக இருக்கும். அவர்கள் 'ஓ' போட்ட நேரத்துக்கு ரேடியோ வைத்துக்கொள்வது நல்லது. நாலைந்து மாதத்துக்குப் பிறகு பலருக்கு ஏதாவது ஒரு படத்தின் மேல் தானாகவே ஆசை வரும். வராவிட்டாலும் நஷ்டமில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். படம் மட்டுமில்லாமல் சாப்பாடு, நண்பர்கள், பாட்டு, கிரிக்கெட் எதுவுமே பிடிக்காமல், தூக்கமும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படியே போனால் இந்த டிவி அமைப்பெல்லாம் உதவாது, அது மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

மறுபடி பார்க்கத் தோன்றினால், படத்தைப் பகலில் தேர்வு செய்யுங்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ரிமோட்டோடு தேடத் தொடங்கினால் நாற்பது நிமிஷம் போஸ்டர் பார்த்தே தூக்கம் வந்துவிடும். சனிக்கிழமை மதியமே ஒரு சீட்டில் மூன்று பெயர் எழுதி டிவிக்கு அடியில் செருகிவையுங்கள். முதல் படம் இருபது நிமிஷத்தில் ஒட்டவில்லையா, அடித்துவிட்டு இரண்டாவது. மூன்றும் அடிபட்டால் டிவியை சுவிட்சில் அணைத்துவிட்டு, அந்த மாதச் சந்தாவை இன்னும் ரத்து செய்யவில்லையென்றால் அன்றைக்கே செய்துவிடுங்கள்.