மூணு ப்ராஜெக்டுக்கும் ஒரே டெஸ்ட் பேக்கேஜ்: கனகாலம் பாவிச்சவன்ட அனுபவம்

ப்ளேரைட் எண்டா ப்ரௌசர தானா ஓட்டி வெப்சைட்ட டெஸ்ட் பண்ணுற டூல், பேஜ் ஆப்ஜெக்ட் எண்டா ஒரு ஸ்க்ரீன்ல எதத் தேடுற, எத அமத்துற எண்டத ஒரே இடத்துல எழுதி வைக்கிற கோட் துண்டு, இதுக்கு மேல இஞ்ச விளங்கப்படுத்தப் போறதில்ல. ஒரு ப்ராஜெக்டுக்கு எழுதின டெஸ்ட்ட பொதுவான என்பிஎம் பேக்கேஜாக் (பல ப்ராஜெக்டுல இன்ஸ்டோல் பண்ணிப் பாவிக்கிற கோட் பொதி) கட்டி மத்த ப்ராஜெக்டுலயும் ஓட விட்டா என்ன நடக்கும், அதத்தான் சொல்லப்போறன். கல்முனையில இருக்கிற கூட்டாளி ஒருத்தன் "மச்சான், உங்கட டெஸ்ட்டெல்லாம் அப்படியே எங்களுக்குத் தூக்கிப் போடேலுமா" எண்டு கேட்டிருந்தான், வாட்ஸ்அப்ல ரெண்டு வரியில சொல்லி முடியிற கதையில்ல இது.

நாங்க இலங்கையில, மட்டக்களப்புக் கல்லடியில இருந்து வேல செய்யிற சின்ன டீம். பாசிக்குடா ஹோட்டல் ஒண்டுக்கு புக்கிங், சம்மாந்துறைப் பக்கம் நெல்லு மில் ஒண்டுக்கு பில்லிங், பாமசி ஒண்டுக்கு ஸ்டொக் சிஸ்டம், மூணும் வேற வேற ரெப்போ (கோட் வைக்கிற இடம்). மூணுலயும் லொகின் இருக்கு, அடையாள அட்ட நம்பர் அடிக்கிற இடம் இருக்கு, ரூபா கணக்கு இருக்கு. அதான் பொதுவாக்கினோம்.

முதல்ல நல்லதச் சொல்றன், ஏனெண்டா அது உண்மையிலயே நல்லது. அடையாள அட்ட நம்பர் டெஸ்ட் ஒண்டு இருக்கு பேக்கேஜுக்குள்ள, அதுக்காகவே இந்த வேலையெல்லாம் செஞ்சது சரி எண்டு நினைச்ச நாள் இருக்கு. பழைய அட்டையில 9 இலக்கமும் ஒரு எழுத்தும், 2016ல இருந்து வாற புது அட்டையில 12 இலக்கம், ரெண்டுக்குள்ளயும் பிறந்த வருஷமும் வருஷத்துல எத்தினையாம் நாள் எண்டதும் இருக்கும், பொம்புளைப் புள்ளைகளுக்கு நாளோட 500 கூட்டியிருக்கும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த நாள்க் கணக்கு எல்லா வருஷத்துலயும் பெப்ரவரிக்கு 29 நாள் எண்டு வச்சுத்தான் போகுது, அத கனபேர் கவனிக்கிறல்ல. 1990 மார்ச் 1ம் தேதி பிறந்த ஆம்புளைக்கு பழைய அட்ட நம்பர் 90061 எண்டு தொடங்கும், சாதாரண டேட் லைப்ரரிக்கு 1990ல 61ம் நாளக் குடுத்தா மார்ச் 2 எண்டு சொல்லும். மில் பில்லிங்குக்காக இந்த டெஸ்ட் கேஸ் எழுதியிருந்தோம். மறுகா ஹோட்டல் ப்ராஜெக்டுல பேக்கேஜ மாட்டி முதல் தரம் ஓட விட்டவுடனயே அது ஃபெயிலாகி சிவப்பா நிண்டுது, பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த ஆக்களுக்கெல்லாம் சாதாரண வருஷத்துல ஒரு நாள் கூடத்தான் காட்டிட்டு இருந்திருக்கு, அந்த ஸ்க்ரீன ஒரு ஆளும் சந்தேகப்படவே இல்ல. எனக்கு அண்டைக்கு சரியான சந்தோஷம். ஒரு இடத்துல படிச்ச பாடம் இன்னொரு இடத்துல தானா வேல செய்யிறதப் பாக்க வேணும், அது வேற மாதிரி.

அதே மாதிரி நேரக் கணக்கு. எங்கட சிஐ மெஷின் (கோட் ஏத்தினவுடனே டெஸ்ட்ட தானா ஓட்டுற சேர்வர்) யுடிசி எண்ட உலகப் பொது நேரத்துல ஓடுது, நாங்க அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. ராவு 12 மணிக்கும் விடிய அஞ்சரைக்கும் இடையில புஷ் பண்ணினா "இண்டைய புக்கிங்" டெஸ்ட் மட்டும் விழும், காலையில திரும்ப ஓட விட்டா பச்சை. ப்ளேரைட் கொன்ஃபிக்ல டைம்சோன் ஐடிக்கு ஏசியா கொழும்பு எண்டு போட்டா ப்ரௌசருக்குள்ள மட்டும்தான் மாறும், டெஸ்ட்ட ஓட்டுற நோட் ப்ராசஸ் யுடிசியிலயேதான் நிக்கும், அதுக்கு டிஇசட் எண்ட, நேர வலயத்தச் சொல்ற என்விரொன்மென்ட் வேரியபிளையும் தனியா வைக்கணும். இது ரெண்டையும் செக் பண்ணி, பொருந்தாட்டி தொடங்க முதலே நிப்பாட்டுற துண்டு பேக்கேஜுல இருக்கு, பாமசி ப்ராஜெக்ட் அந்தத் தொல்லைய கண்ணாலயே காணல்ல. வாட் வரி 2024 ஜனவரி 1ம் தேதி 15 வீதத்துல இருந்து 18 வீதத்துக்குப் போனதும் டெஸ்ட் பக்கத்துல ஒரு இடத்துல மட்டும்தான் மாத்தவேண்டி இருந்துது.

இப்ப மத்தப் பக்கம். இத ஆறுதலாச் சொல்லணும் எண்டு பாக்குறன், ஏலுமா தெரியா.

"ரிக்வயரிங் ப்ளேரைட் டெஸ்ட் செக்கண்ட் டைம்". ப்ளேரைட் ரெண்டாந்தரம் லோட் ஆகுது எண்டு சொல்ற இந்த எரர் வரியக் கண்டாலே எனக்கு இப்ப உடம்பெல்லாம் பத்துது. ப்ளேரைட் ஒரு ஓட்டத்துக்குள்ள ஒரே ஒரு கொப்பிதான் லோட் ஆக உடும், உங்கட ப்ராஜெக்டுல ஒண்டும் பொதுப் பேக்கேஜுட நோட் மொட்யூல்ஸ் ஃபோல்டருக்குள்ள இன்னொண்டும் இருந்தா ஒரு டெஸ்ட் கூட தொடங்காது, முதல் லோட் ஆன இடம் இது, ரெண்டாவது இது எண்டு நீளமா ரெண்டு பட்டியல் கொட்டும். ப்ளேரைட்ட பியர் டிபென்டன்சியில (பேக்கேஜ் தான் கொண்டு வராம, பாவிக்கிற ப்ராஜெக்டுல இருக்கிறதையே எடுக்கிற விதம்) போட்டா சரி எண்டு எல்லாரும் சொல்லுவாங்க, சரிதான், நாங்களும் தொடக்கத்துல இருந்தே அப்படித்தான் வச்சிருக்கோம். ஆனா பேக்கேஜ எழுதுற ஆளுக்கு டைப்ஸ்கிரிப்ட் கம்பைல் பண்ண அதே ப்ளேரைட் டெவ் டிபென்டன்சியாவும் (பேக்கேஜ எழுதுற இடத்துல மட்டும் இன்ஸ்டோல் ஆகிறது) வேணும், அப்ப என்பிஎம் லிங்க் (பப்ளிஷ் பண்ணாம பேக்கேஜ் ஃபோல்டர நேரடியாத் தொடுக்கிற வழி) போட்டு லோக்கல்ல பாக்க ஏலா, ஏனெண்டா லிங்க் உண்மையான ஃபோல்டருக்குப் போய் அங்க கிடக்கிற கொப்பியத்தான் எடுக்கும், திரும்ப அதே செக்கண்ட் டைம். ஆகவே ஒரு வரி மாத்தினாலும் என்பிஎம் பேக் போட்டு பேக்கேஜ டிஜிஇசட் எண்ட சுருக்கின ஃபைலாக்கி, அத இன்ஸ்டோல் பண்ணி, மறுகா ஓட்டு. ஒரு வரிக்கு!

இதுக்குள்ள மில் ப்ராஜெக்டுல எங்களோட சேந்து செய்யிற வெளி டீம் ஒண்டு, தங்கட மெஷின்ல ஓடோணும் எண்டதுக்காக பியர்ல இருந்தத சாதாரண டிபென்டன்சிக்கு இழுத்துப்போட்டு, வேற வெர்ஷனும் குறிச்சு, ஒரு வார்த்த சொல்லாம பப்ளிஷ் பண்ணிட்டாங்க. மூணு ரெப்போவும் ஒரே நேரத்துல சிவப்பு. மில் அறுவடைக் காலத்துல நிக்குது, பில் ஃபிக்ஸ் ஒண்டு அனுப்பணும், டெஸ்ட் பாஸ் ஆகாம அனுப்ப ஏலா. ப்ளேரைட் ஒவ்வொரு வெர்ஷனும் தனக்குரிய ப்ரௌசர் பில்டத்தான் கேக்கும், ஆக வெர்ஷன முன்னப் பின்ன மாத்தி மாத்திப் பாக்கக்குள்ள ஒவ்வொரு மெஷின்லயும் அதுவும் புதுசா இறங்கணும், அடிக்கிற மழைக்கு லைன் விழுந்து விழுந்து எழும்பிட்டு இருக்கு. பாமசிக்காரருக்கும் மில்லுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா அவங்கட ரிலீசும் நிண்டுது. இதுதான் என்ட பெரிய கோவம், டெஸ்ட்ட மட்டும் பகிரல்ல, ஒராள்ட பிழைய மூணு வீட்டுக்கும் பங்கு வச்சிருக்கோம்.

பொது லொகின் பேஜ் ஆப்ஜெக்ட் இன்னொரு கூத்து. ஹோட்டல் இங்கிலீஷ்ல, மில் தமிழ்ல, பாமசியில மொழிய மாத்தலாம். ரோலையும் (பட்டன், லிங்க் எண்ட வகை) அதுல இருக்கிற பேரையும் வச்சு பட்டனத் தேடினா ஒண்டுல லொகின், மத்ததுல உள்நுழை. சரி டெஸ்ட் ஐடி (டெஸ்ட்டுக்காகவே பட்டனுக்குக் குடுக்கிற அடையாளம்) வைப்போம் எண்டா ஒரு ப்ராஜெக்டுல அந்த அட்ரிபியூட்டுட பேரே வேற, அத கொன்ஃபிக்ல மாத்த வழி இருக்கு, செஞ்சோம். ஹோட்டல்ல ஓடிபி வந்துது, அதுக்கு ஒரு இஃப் கொண்டிஷன். பாமசியில கிளைய தெரிவு செய்யிற பெட்டி, அதுக்கு ஒரு இஃப். பத்து வரி லொகின் இப்ப வாசிக்கவே ஏலாத சாமானா நிக்குது, புதுசா வந்த தங்கச்சி அதத் தொடப் பயப்படுறா, பயப்படுறது நியாயம்.

ஸ்க்ரீனத் தெரிஞ்ச டெஸ்ட் ஊர் மாறினா செத்துப்போகுது, நாட்டுட சட்டதிட்டம் தெரிஞ்ச டெஸ்ட் எங்க போட்டாலும் நிக்குது. அடையாள அட்ட, தேதி, வரி, ரூபா சதம், இதுகளுக்கு ப்ளேரைட்டே தேவையில்ல, வெறும் ஃபங்ஷனும் டேட்டா ஃபைலும் போதும். அப்ப செக்கண்ட் டைம் எண்ட பேச்சே வராது.

இவ்வளவு புகழ்ந்தும் இப்ப என்னட்ட கேட்டா பேக்கேஜ் வேணாம் எண்டுதான் சொல்லுவன். இன்னொரு நாள் கேட்டா வேற மாதிரிச் சொல்லவும் கூடும், ஆனா ராவு முழுக்க ரிப்பேர் பண்ணி முடிச்ச கையோட இதுதான் வாய்ல வருது. அடுத்ததா அக்கரைப்பற்றுல ஒரு வேல வருது, அதுக்கு டெஸ்ட் கேஸ் இருக்கிற டேட்டா ஃபைல மட்டும் கொப்பி பண்ணி வைக்கப்போறம். லொகின் டெஸ்ட்ட அந்தத் தங்கச்சியே புதுசா எழுதுவா, பத்து வரிதானே.