நடுப்பகல் சூரியனா, அந்தி விண்மீன்களா?

கடலில் இருப்பிடம் அறிய, வானில் உள்ளவை அடிவானத்திலிருந்து எத்தனை கோண உயரத்தில் இருக்கின்றன என்று அளக்கும் கருவி செக்ஸ்டன்ட். அதை வாங்கியவர்களுக்கு வரும் முதல் குழப்பம், எதை அளந்து பழகுவது என்பதுதான்.

கிடைப்பது:
சூரியன் – உச்சியில் ஒரே அளவில் அட்சரேகை வந்துவிடும். தீர்க்கரேகைக்கு அது போதாது.
விண்மீன் – ஒவ்வொரு அளவும் வரைபடத்தில் கப்பல் இருக்கக்கூடிய ஒரு கோட்டைத் தரும். மூன்றை அளந்தால் மூன்று கோடுகள். அவை வெட்டும் இடத்தில் கப்பல்.

அவகாசம்:
சூரியன் – உச்சியில் சில நிமிடம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும், பதற்றமில்லை.
விண்மீன் – இங்கேதான் சிக்கல். விண்மீனும் தெரிய வேண்டும், கடலின் அடிவானமும் தெரிய வேண்டும். சூரியன் அடிவானத்துக்கு 6 முதல் 12 டிகிரி கீழே இருக்கும்போதுதான் இரண்டும் கூடிவரும். நிலநடுக்கோட்டருகே அது அரைமணி கூட நீடிக்காது. மேகம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கடிகாரம்:
சூரியன் – உச்சி அளவுக்குக் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை.
விண்மீன் – 4 வினாடி தவறினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் தள்ளிப்போகும்.

கணக்கு:
சூரியன் – கூட்டல், கழித்தல் போதும். சூரிய வட்டின் விளிம்பை அளப்பதால், அதை மையத்துக்கு மாற்றும் அரைவிட்டத் திருத்தம் மட்டும் மறக்கக் கூடாது.
விண்மீன் – அந்தத் திருத்தம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கோள முக்கோணத்தை, அதாவது கோளப் பரப்பின் மேல் அமையும் முக்கோணத்தை, தீர்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் சூரியனோடு பழகட்டும். கரை தெரியாத கடலில் முழு இருப்பிடமும் வேண்டுமா, விண்மீன்தான். ஆனால் மூன்றையும் ஒரே பக்கத்தில் எடுக்காதீர்கள். ஜூன் மாலையில் கிழக்கே சுவாதி, தென்கிழக்கே கேட்டை, மேற்கே மகம் என்று பரவலாக எடுங்கள்.